செப்டம்பர் 17, 1948: ஐதராபாத்தில் ஒரு நாளும் அதன் பெயர்களும்

முன்னுரை

நாட்காட்டியின் ஒரு தேதிக்கு நேரே ஒரு நிகழ்வைக் குறித்துவைப்பது, வரலாற்றை மக்கள் நினைவில் நிறுத்தும் எளிய முறையாகும். நாளிதழ்களின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியும், பாடநூல்களின் காலவரிசைப் பட்டியலும் இம்முறையையே பின்பற்றுகின்றன. தமிழகத்தில் செப்டம்பர் 17 என்னும் தேதி பெரியார் ஈ.வெ.ரா. பிறந்த நாளாகவும் (1879), திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய நாளாகவும் (1949) அறியப்பட்டுள்ளது. 2021 முதல் தமிழக அரசு அதனைச் சமூகநீதி நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. இதே தேதி ஐதராபாத்தில் முற்றிலும் வேறான ஒரு நிகழ்வைச் சுட்டி நிற்கிறது. 1948ஆம் ஆண்டு அந்நாளில்தான் நிசாம் மீர் உஸ்மான் அலி கான் தம் படைகளுக்குப் போர் நிறுத்த ஆணையிட்டார். அதனை விடுதலை என்பாரும், இணைப்பு என்பாரும், ஒருமைப்பாடு என்பாரும், வீழ்ச்சி என்பாரும், வஞ்சனை என்பாரும் உளர்.

ஒரே நாளுக்கு ஒன்றுக்கொன்று முரணான இத்தனை பெயர்கள் வழங்கக் காரணம் யாது? அந்நாளில் உண்மையில் நடந்தவை எவை? அந்நாளோடு முடிந்தவை எவை, முடியாதவை எவை? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐதராபாத் அரசும் அதன் மக்களும்

இந்திய விடுதலையின்போது இருந்த சுதேச அரசுகளுள் மக்கள்தொகையில் மிகப் பெரியது ஐதராபாத். 1724இல் தொடங்கிய அசப் ஜாகி மரபின் ஏழாம் நிசாமாக 1911இல் அரியணை ஏறியவர் உஸ்மான் அலி கான். அவர் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பு 82,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம். பதினாறு மாவட்டங்களுள் எட்டு தெலுங்கு வழங்கியவை. ஐந்து மராத்தி வழங்கியவை. மூன்று கன்னடம் வழங்கியவை. ஆட்சிமொழியாகவும் 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழியாகவும் உருது விளங்கியது. குடிமக்களுள் பெரும்பான்மையோர் இந்துக்களாகவும், அரசரும் உயர் அலுவலருள் பெரும்பாலோரும் இசுலாமியராகவும் இருந்தனர்.

நில உரிமையின் அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு அரசின் நேரடி வருவாய்க்குரிய ‘திவானி’ நிலம். பத்தில் ஒரு பங்கு ‘சர்ஃபேகாஸ்’ எனப்பட்ட நிசாமின் சொந்த நிலம். எஞ்சிய மூன்று பங்கு ஜாகீர்தார்களிடம் இருந்தது. தெலங்கானா ஊர்களில் தேஷ்முக்குகள் குடியானவரிடமும் தொழிற்குடிகளிடமும் கூலியின்றி வேலை வாங்கினர். அதற்கு ‘வெட்டி’ அல்லது ‘வெட்டிச்சாகிரி’ என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாக ஆளப்படும் ‘வெட்டி’ என்னும் சொல்லும் உழைப்பாகச் செலுத்தப்பட்ட கடமையையே குறிக்கும் என்பது தமிழறிஞர் அறிந்ததே. கல்வெட்டுத் தமிழில் காணப்படும் ஒரு சொல், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை அண்டை நிலத்தில் உழவர் வாழ்வின் நடைமுறையாக இருந்துள்ளது.

இந்த நிலவுடைமை ஒடுக்குமுறையை எதிர்த்தே தெலங்கானா உழவர் போராட்டம் எழுந்தது. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி என்னும் ஊரில் தேஷ்முக்கின் ஆட்களால் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். ஆந்திர மகாசபையும் பொதுவுடைமைக் கட்சியும் முன்னின்று நடத்திய எதிர்ப்பு அதன்பின் ஆயுதப் போராட்டமாக வளர்ந்தது. மறுபுறம், 1938இல் தோன்றிய ஐதராபாத் மாநில காங்கிரசு, சுவாமி இராமானந்த தீர்த்தர் தலைமையில் பொறுப்பாட்சி கோரியும், பின்னர் இந்திய ஒன்றியத்தில் சேரக் கோரியும் போராடியது. ஆகவே 1948க்கு முன்பே நிசாம் ஆட்சிக்கு எதிராக இருவேறு போராட்டங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. ஒன்று நிலத்தைப் பற்றியது. மற்றொன்று ஆட்சியுரிமையைப் பற்றியது. இவ்விரண்டின் தொடக்கமும் வேறு, முடிவும் வேறு. செப்டம்பர் 17 பற்றிய பிற்காலப் பூசல்களுக்கு இதுவே அடிப்படையாகும்.

ஒப்பந்தம் முதல் படைநடவடிக்கை வரை

ஆங்கிலேயர் வெளியேறியதும் தாம் தன்னுரிமை அரசராவார் என்று நிசாம் 1947 ஜூனில் அறிவித்தார். இந்திய ஒன்றியத்தில் சேர மறுத்த அவர், 1947 நவம்பர் 29 அன்று ஓராண்டுக்கான நிலைநிறுத்த ஒப்பந்தம் ஒன்றில் மட்டும் கையொப்பமிட்டார். அதன்படி இந்திய அரசின் முகவராக கே.எம். முன்ஷி ஐதராபாத்திற்கு அனுப்பப்பட்டார். நிசாமின் தலைமை அமைச்சராக மீர் லாயக் அலி பொறுப்பேற்றார். இத்தெகாதுல் முஸ்லிமீன் அமைப்பின் தலைவர் காசிம் ரஸ்வியின் கீழ் இயங்கிய ரஜாக்கர் படை நாளடைவில் அரசின் கட்டுக்கு அடங்காத ஆற்றலாக வளர்ந்தது.

1948இன் நடுப்பகுதியில் வன்முறை உச்சத்தை எட்டியது. பீதர் மாவட்டத்துக் கோரட்டா ஊரில் மே மாதத்திலும், தெலங்கானாவின் பைரான்பள்ளியில் ஆகஸ்டு மாதத்திலும் ரஜாக்கர்கள் ஊர்மக்களைக் கூட்டமாகக் கொன்றனர். பைரான்பள்ளியில் இறந்தோர் எண்பதின்மருக்கு மேற்பட்டோர். இந்தியாவுடன் இணையவேண்டும் என்று எழுதிவந்த ‘இம்ரோஸ்’ உருது நாளிதழின் ஆசிரியர் சுஐபுல்லா கானும் ஆகஸ்டு மாதத்தில் கொல்லப்பட்டார். இப்போராட்டத்தைச் சமய அடிப்படையில் மட்டும் பகுத்துவிட இயலாது என்பதற்கு அவர் இறப்பும், உருதுக் கவிஞர் மக்தூம் மொகியுத்தீன் உழவர் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கியமையும் சான்றாகும்.

ஐதராபாத்தின் எல்லையை ஒட்டிய சென்னை மாகாணமும் இந்நிகழ்வுகளால் நேரடியாகத் தாக்குற்றது. அகதிகள் எல்லை கடந்து வந்தனர். அப்போது சென்னை மாகாண அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் விடைபெற்றபின் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் இராஜாஜி.

1948 செப்டம்பர் 13, திங்கட்கிழமை விடியலில் இந்தியப் படை ஐதராபாத் எல்லையைக் கடந்தது. சோலாப்பூர்ப் பக்கமிருந்து மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரியின் தலைமையில் முதன்மைப் படை நல்துர்க் வழியாக முன்னேறியது. விஜயவாடாப் பக்கமிருந்து மேஜர் ஜெனரல் ஏ.ஏ. ருத்ராவின் படை சூர்யாப்பேட்டை நோக்கிச் சென்றது. இப்படைநடவடிக்கைக்கு வைத்த மறைபெயர் ‘ஆபரேஷன் போலோ’. ஆனால் அரசு வெளிப்படையாக வழங்கிய பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’ என்பதே. பீரங்கியும் வானூர்தியும் கொண்டு நிகழ்ந்த ஒரு படையெடுப்பிற்குக் காவல்துறையின் பெயர் இடப்பட்டமைக்குக் காரணம் உண்டு. போர் என்பது இரு நாடுகளுக்கிடையே நிகழ்வது. காவல் நடவடிக்கை என்பது ஒரு நாட்டின் எல்லைக்குள் நிகழ்வது. ஐதராபாத் தனிநாடு அன்று என்னும் கருத்தை அப்பெயரே நிறுவிவிடுகிறது.

அந்நாளின் நிகழ்வுகள்

செப்டம்பர் 17 வெள்ளிக்கிழமை. ஐந்தாம் நாளாக முன்னேறிய இந்தியப் படை தலைநகரை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று நிகழ்ந்தவற்றை முன்ஷி, லாயக் அலி, வி.பி. மேனன் ஆகிய மூவரின் நூல்களிலிருந்து தொகுத்தறியலாம். மூவரும் மூன்று தரப்பினர். முன்ஷி ஐதராபாத்திலேயே இருந்த இந்திய முகவர்; லாயக் அலி பதவி இழந்த தலைமை அமைச்சர்; மேனன் தில்லியில் சுதேச அரசுகள் துறையின் செயலர்.

அன்று லாயக் அலியின் அமைச்சரவை பதவி விலகியது. நிசாம் முன்ஷியை அழைத்துப் பேசினார். மாலையில் போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. தக்காண வானொலியில் நிசாம் உரையாற்றினார். அமைச்சரவை விலகியதையும், தம் படைகள் போரை நிறுத்தியதையும், ரஜாக்கர் அமைப்பு தடைசெய்யப்பட்டதையும், இந்தியப் படைகள் பொலாரத்திலும் சிகந்தராபாத்திலும் தங்க இசைவளிக்கப்பட்டதையும் அவர் அறிவித்தார். சிறையிலிருந்த இராமானந்த தீர்த்தரின் விடுதலையும் அன்று அறிவிக்கப்பட்டது. நிசாமைத் தொடர்ந்து முன்ஷியும் வானொலியில் பேசினார்.

இவற்றோடு மற்றொரு முடிவும் அன்று எடுக்கப்பட்டது. ஆட்சியை நடத்த நிசாமின் மூத்த மகன் ஆசம் ஜா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐதராபாத் படைத்தலைவர் எல் எத்ரூசும் அதில் ஓர் உறுப்பினர். மறுநாள், செப்டம்பர் 18 மாலை, எல் எத்ரூஸ் சௌத்ரியிடம் முறைப்படி சரணடைந்தார். சௌத்ரி படைத்துறை ஆளுநராகப் பொறுப்பேற்றார். தில்லி அந்தக் குழுவை ஏற்கவில்லை. ஆகவே செப்டம்பர் 17 மாலையில் உருவான ஆட்சி அமைப்பு ஒரு நாளைக்கூட முழுமையாகத் தாண்டவில்லை.

இவ்விவரங்களிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. அன்று நிகழ்ந்தவை போர் நிறுத்தமும் அமைச்சரவை விலகலுமே. அன்று இணைப்பு ஆவணம் எதுவும் கையொப்பமாகவில்லை. படை முறைப்படி சரணடைந்ததும் அன்று அன்று. நிசாம் அரியணையிலிருந்து இறக்கப்படவும் இல்லை. விடுதலை, இணைப்பு, வீழ்ச்சி என்னும் பெயர்கள் சுட்டும் எந்தச் செயலும் அந்த ஒரு நாளில் முழுமையாக நிறைவேறவில்லை.

பாரிசில் நடந்த வாதம்

ஐதராபாத் அரசு 1948 ஆகஸ்டு 21 அன்றே ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையிடம் முறையிட்டிருந்தது. அப்போது பாரிசில் கூடிவந்த அவை, செப்டம்பர் 16 அன்று அம்முறையீட்டை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது பற்றி வாக்கெடுத்தது. எட்டு நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. ஐதராபாத் சார்பில் மொயின் நவாஸ் ஜங் வாதிட்டார். இந்தியாவின் சார்பில் வாதிட்டவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவராகத் தமிழகம் அறிந்த அவர், ஐ.நா. பொருளாதார, சமூக அவையின் முதல் தலைவராகவும் 1946இல் பணியாற்றியவர்.

முதலியார் முன்வைத்த வாதத்தின் மையம் ஒன்றே. ஐ.நா. சாசனத்தின் பொருளில் ஐதராபாத் ஒரு நாடு அன்று. எனவே முறையிடும் தகுதி அதற்கு இல்லை என்பதே அது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்னும் பெயர் ஐதராபாத்தின் சாலைகளில் நிறுவியதை முதலியாரின் வாதம் பாரிசு அரங்கில் நிறுவ முயன்றது. அவ்வாதம் முடியுமுன்பே செப்டம்பர் 17 வந்துவிட்டது. வழக்குக்குரிய அரசே போரை நிறுத்திவிட்ட நிலையில் செப்டம்பர் 20 அன்று அவை மீண்டும் கூடியது. செப்டம்பர் 22 அன்று நிசாம் தம் முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி அனுப்பினார். அதன்பின்னரும், 1949 மே மாதம் வரை, இச்சிக்கல் அவையில் பேசப்பட்டது. தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை. ஆகவே பன்னாட்டு அரங்கிலும் செப்டம்பர் 17 ஒரு முடிவு நாளாக அமையவில்லை.

கணக்கில் வராத இறப்புகள்

ஐந்து நாள் படைநடவடிக்கையில் இறந்தோர் எண்ணூறுக்குச் சற்று மேற்பட்டோர் என மேனன் எழுதுகிறார். ஆனால் போர் நின்றதோடு சாவு நிற்கவில்லை. ரஜாக்கர் வன்முறைக்குப் பழிவாங்கும் போக்கில், அதில் தொடர்பற்ற இசுலாமியக் குடிமக்கள் பல மாவட்டங்களில் கொல்லப்பட்டனர். இச்செய்திகள் தில்லிக்கு எட்டியபின் நேரு ஒரு நல்லெண்ணக் குழுவை அனுப்பினார். பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கபார் முதலானோர் அடங்கிய அக்குழு 1948 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் மாவட்டங்களில் சுற்றி விசாரித்தது.

படைநடவடிக்கையின்போதும் அதற்குப் பின்னும் இறந்தோர் குறைந்த அளவாகக் கணக்கிட்டாலும் 27,000 முதல் 40,000 வரை இருப்பர் என்பது குழுவின் மதிப்பீடு. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய நான்கு மாவட்டங்களில் மட்டும் இறந்தோர் 18,000க்குக் குறையார் என்றும் அது கூறியது. ரஜாக்கர்கள் இழைத்த கொடுமைகளே இப்பழிவாங்கலுக்குப் பின்னணி என்பதையும் குழு மறைக்கவில்லை. இசுலாமிய நெசவாளரைக் காக்க இந்து நெசவாளர்கள் தம் உயிரையும் பொருட்படுத்தாது தாக்குவோரை எதிர்த்து நின்ற நிகழ்வுகளையும் அது பதிவுசெய்தது.

அவ்வறிக்கை அரசால் வெளியிடப்படவில்லை. பின்னாளில் ஆய்வாளர் நூல்களில் அதன் பகுதிகள் இடம்பெற்றன. 2013இல் தில்லி நேரு நினைவு நூலகத்தில் அது பார்வைக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஏ.ஜி. நூரானியின் நூலிலும் வெளிவந்தது. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அவ்விறப்புகள் பொது வரலாற்றில் இடம்பெறாமைக்கு அரசின் மௌனம் ஒரு காரணம். நாட்காட்டி முறையும் மற்றொரு காரணம் எனலாம். செப்டம்பர் 13 தொடங்கி 17 முடிய என்று ஒரு நிகழ்வை வரையறுத்துவிட்டால், 18ஆம் தேதிக்குப் பின் இறந்தவர் அந்நிகழ்வின் கணக்கில் சேரார். எண்ணூறு என்பதும் இருபத்தேழாயிரம் என்பதும் வெறும் எண்ணிக்கை வேறுபாடு மட்டும் அல்ல. எந்நாள்வரை எண்ணுவது என்பதன் வேறுபாடும் ஆகும்.

உழவர் போராட்டத்தின் காலவரிசை

செப்டம்பர் 17க்குப் பின் பொதுவுடைமையர் எதிர்கொண்ட வினா வேறு. நிசாமின் படைக்கும் ரஜாக்கர்களுக்கும் எதிராக எடுத்த ஆயுதத்தை இப்போது கீழே வைப்பதா, இந்தியப் படைக்கு எதிராகவும் தொடர்வதா என்பதே அது. இரவி நாராயண ரெட்டி போன்றோர் நிறுத்தவேண்டும் என்றனர். போராட்டம் நிலத்திற்கானது, தேஷ்முக்குகள் திரும்பி வருகின்றனர், எனவே தொடரவேண்டும் என்பது மற்றொரு தரப்பின் நிலைப்பாடு. போராட்டம் தொடர்ந்தது. 1951 அக்டோபர் 21 அன்றுதான் அது திரும்பப் பெறப்பட்டது.

இப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான பி. சுந்தரய்யா தம் நூலில், ஏறத்தாழ 3,000 ஊர்களில் 10 இலட்சம் ஏக்கர் நிலம் உழவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதாகவும், 4,000 பேர்வரை உயிரிழந்ததாகவும் குறிப்பிடுகிறார். 1951 ஏப்ரல் 18 அன்று நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் வினோபா பாவேக்கு இராமச்சந்திர ரெட்டி நூறு ஏக்கர் நிலம் வழங்கினார். பூதான இயக்கம் அந்த மண்ணிலேயே பிறந்தமை தற்செயலானதன்று. உழவரின் காலவரிசையில் தொடக்கம் 1946 ஜூலை 4. முடிவு 1951 அக்டோபர் 21. அவ்விரண்டுக்கும் இடையே செப்டம்பர் 17 எதிரி மாறிய நாளாக அமைகிறதே தவிர, போராட்டம் முடிந்த நாளாக அமையவில்லை. இந்நாளை வஞ்சனை நாள் என்று இடதுசாரிகளுள் ஒரு சாரார் வழங்கியதன் பொருள் இப்பின்னணியிலேயே விளங்கும்.

சட்டமும் நாணயமும்

அரசின் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் மாறின. 1949 ஆகஸ்டு 15 அன்று ஜாகீர் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசமைப்பை ஐதராபாத்திற்கும் ஏற்பதாக 1949 நவம்பரில் நிசாம் ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டு டிசம்பரில் படைத்துறை ஆட்சி விலகி, எம்.கே. வெல்லோடியின் குடியியல் ஆட்சி வந்தது. 1950 ஜனவரி 26 அன்று ஐதராபாத் இந்தியக் குடியரசின் ‘பி’ பிரிவு மாநிலமாயிற்று. அதன் இராஜபிரமுகராக அமர்ந்தவர் அதே உஸ்மான் அலி கான். 1952 மார்ச்சில் பூர்குல இராமகிருஷ்ண ராவ் தலைமையில் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அமைந்தது. ஐதராபாத்தின் தனி நாணயமான ‘ஹாலி சிக்கா’ 1950களிலும் புழங்கியது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோதுதான் ஐதராபாத் மாநிலம் வரைபடத்திலிருந்து மறைந்தது. நிசாமின் இராஜபிரமுகர் பதவியும் அன்றே முடிந்தது.

நாட்கணிப்பிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்ததும் இங்கு நோக்கத்தக்கது. நிசாம் அரசின் அலுவல் ஆண்டு பசலி. அதன் மாதங்கள் பஹ்மன், தீர், மெஹர், ஆபான் போன்ற பாரசீகப் பெயர்களைக் கொண்டவை. தமிழக வருவாய்த்துறையில் ஜூலை 1 தொடங்கும் பசலி ஆண்டு வழக்கில் உள்ளதால் இச்சொல் தமிழர்க்குப் புதிதன்று. கல்வெட்டில் ‘யாண்டு’ என்று ஆட்சியாண்டு பொறிக்கப்படும்போது, காலத்தோடு அந்நிலம் யார் ஆட்சிக்குட்பட்டது என்பதும் பொறிக்கப்படுகிறது. ஐதராபாத்தின் முடிவு பசலித் தேதியால் நினைக்கப்படாமல் ‘செப்டம்பர் 17’ என்றே நினைக்கப்படுவதும் அத்தகையதே. நாளைக் குறிக்கும் முறையிலேயே வென்றவரின் ஆட்சி இடம்பெற்றுவிடுகிறது.

பெயர்களின் வரலாறு

தெலுங்கில் இந்நாளுக்கு வழங்கும் பெயர்களுள் மூன்று முதன்மையானவை: விமோசனம், விலீனம், வித்ரோகம். மூன்றும் வடமொழிச் சொற்களே. விமோசனம் கட்டிலிருந்து விடுபடுதலையும், விலீனம் ஒன்றில் கரைந்து கலத்தலையும், வித்ரோகம் நம்பிக்கைக்கு இரண்டகம் செய்தலையும் குறிக்கும். உருதுவில் ‘சுகூத்’ எனப்படும் வீழ்ச்சி என்னும் சொல் வழங்குகிறது. முதியோர் பேச்சில் ‘போலீஸ் ஆக்ஷன்’ என்பது அப்படியே நிலைத்துவிட்டது. அது ஒரு நாளைக் குறிக்காமல், அச்சம் நிறைந்த ஒரு பருவத்தைக் குறிப்பதாகவே ஆளப்படுகிறது.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் அந்நாளை ஒரு வேறான கதையின் முடிவாகவோ நடுவாகவோ வைக்கின்றன. ரஜாக்கர் கொடுமையிலிருந்து தொடங்கும் கதைக்கு அது விடுதலை. 1947 ஆகஸ்டிலிருந்து தொடங்கும் இந்திய ஒருங்கிணைப்புக் கதைக்கு அது இணைப்பு. அசப் ஜாகி மரபிலிருந்து தொடங்கும் கதைக்கு அது வீழ்ச்சி. கடவெண்டியிலிருந்து தொடங்கும் கதைக்கு அது இடைநிகழ்வு.

மராத்வாடாவில் இந்நாள் ‘மராத்வாடா முக்தி சங்கிராம தினம்’ என மகாராட்டிர அரசால் கொண்டாடப்படுகிறது. கர்நாடகத்தில் ‘விமோசன தினம்’ எனக் கொண்டாடப்பட்டு வந்தது, 2019இல் அப்பகுதிக்குக் கல்யாண கர்நாடகம் எனப் பெயர் மாற்றப்பட்டபின் ‘கல்யாண கர்நாடக உற்சவம்’ ஆயிற்று. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் அரசு விழா ஏதும் நடைபெறவில்லை. தெலங்கானா தனி மாநிலமானபின் இவ்வினா மீண்டும் எழுந்தது. 2022இல் ஒரே நாளில் ஐதராபாத்தில் இரு அரசு விழாக்கள் நடந்தன. ஒன்றிய அரசு சிகந்தராபாத் அணிவகுப்புத் திடலில் ‘ஐதராபாத் விடுதலை நாள்’ கொண்டாடியது. மாநில அரசு ‘தெலங்கானா தேசிய ஒருமைப்பாட்டு நாள்’ கொண்டாடியது. 2024 மார்ச்சில் ஒன்றிய உள்துறை, ஆண்டுதோறும் செப்டம்பர் 17 ஐதராபாத் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என அறிவிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், ஆட்சி மாறியிருந்த மாநில அரசு ‘பிரஜா பாலன தினம்’, அதாவது மக்களாட்சி நாள், என்னும் புதுப்பெயரை வழங்கியது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பெயர்கள் பிறந்துகொண்டிருப்பது, அந்நாள் இன்னும் அரசியலிலிருந்து விலகி வரலாற்றுக்கு உரியதாகவில்லை என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. 1948 செப்டம்பர் 17 அன்று ஐதராபாத்தில் நிகழ்ந்தது போர் நிறுத்தமே. படையின் சரண் மறுநாளும், அரசமைப்பு வழிப்பட்ட இணைப்பு 1949-50இலும், மக்களாட்சி 1952இலும், மாநிலத்தின் மறைவு 1956இலும் நிகழ்ந்தன. உழவர் போராட்டம் 1951வரை நீடித்தது. இப்பல்வேறு காலவரிசைகளை ஒரே தேதியில் அடக்கும்போது, ஒவ்வொரு பெயரும் ஒரு தரப்பின் துயரையோ உரிமையையோ எடுத்துக்காட்டி, மற்றொன்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விடுதலை என்னும் பெயர் செப்டம்பர் 18க்குப் பின் இறந்தவரை மறக்கச் செய்யும். வீழ்ச்சி என்னும் பெயர் பைரான்பள்ளியையும் கோரட்டாவையும், வெட்டி உழைப்பில் நைந்த குடிகளையும் மறக்கச் செய்யும். ஒருமைப்பாடு என்னும் பெயர் இவ்விருவரையும் ஒருங்கே மறக்கச் செய்யும்.

நாளைக் கொண்டாடுவது அரசின் பணி. அந்நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களை எண்ணுவது வரலாற்றாய்வின் பணி. அவ்வகையில் ஐதராபாத்தின் செப்டம்பர் 17, ‘வரலாற்றில் இன்று’ என ஒற்றை வரியில் எழுதப்படும் எந்தத் தேதியையும் அதன் மறுநாளோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதற்குத் தக்க சான்றாக அமைகிறது.